மியூட்டில் பேசியது

பிரிட்ஜ் மெக்கானிக் ஒருவரும் அவர் மனைவியின் தம்பியும் சேர்ந்து ஒரு பாட்காஸ்ட் நடத்தினார்கள். தம்பி கல்லூரியில் பௌதிகம் எடுக்கும் லெக்சரர். விமானத்தில் போனால் மூன்று மணி நேரத் தொலைவில் இருந்தார். வீட்டுச் சாமான்கள் ஏன் ஓடுகின்றன என்று லெக்சரர் சொல்வார், எப்படிக் கெட்டுப்போகின்றன என்று மெக்கானிக் சொல்வார். நிகழ்ச்சிக்குப் பெயர் 'ஏன், எப்படி'. ஒருவருக்கு மனைவியாகவும் இன்னொருவருக்கு அக்காவாகவும் நடுவில் இருந்தவர், அச்சகத்தில் பதினான்கு வருஷமாகப் புரூஃப் பார்ப்பவர். அச்சகத்தில் எல்லோருக்குமே அவர் அக்காதான். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். பிழை அவரிடமிருந்து தப்பாது என்பதால் பதிவை வெட்டி ஒட்டும் வேலையும் அவர் தலையில் விழுந்தது.

முதல் மூன்று பகுதிகளைச் சாதாரண போன் அழைப்பிலேயே பதிந்தார்கள். கேட்டவர்கள் பத்தொன்பது பேர். அதில் ஒருவர் எழுதினார்: "ஒருத்தர் கிணத்துக்குள்ள விழுந்துட்டார். இன்னொருத்தர் மேல நின்னுக்கிட்டு பிரிட்ஜ் பத்திப் பேசறார். முதல்ல அவரைத் தூக்கி விடுங்கய்யா."

கிணற்றில் இருந்த லெக்சரருக்கு ரோஷம் வந்துவிட்டது. பத்து நாள் படித்துவிட்டு வீடியோவில் வந்து அரை மணி நேரம் விளக்கினார்.

"மாமா, இப்ப என் குரல் இன்டர்நெட் வழியா வந்து உங்க பக்கம் பதிவாகுது. வர்ற வழியில சிக்குது, கிழியுது. இந்தப் புது சாஃப்ட்வேர்ல என் குரல் என் கம்ப்யூட்டர்லயே பதிவாகும், உங்க குரல் உங்க கம்ப்யூட்டர்ல. லைன் விட்டு விட்டு வந்தாலும் பதிவுக்கு ஒண்ணும் ஆகாது. முடிச்சதும் ரெண்டு ஃபைலும் அக்காவுக்குப் போயிடும்."

"ஆளுக்கொரு கையை அவங்கவங்க வீட்ல தைச்சு, அப்புறம் சட்டையில சேக்கிறது. இதுக்கா மாப்ள அரை மணி நேரம்?" என்றார் மெக்கானிக்.

மெக்கானிக் முதலில் வாங்கியது ரொம்ப நல்ல மைக். அதுதான் வம்பு. மாடி வீட்டில் நாற்காலி இழுபட்டது, லிஃப்ட் கதவு சாத்தியது, அவருடைய வயிறு இரைந்தது, ஒன்று விடாமல் பிடித்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உதட்டருகே வைத்துப் பேசினால் மட்டும் காது கொடுக்கும் இன்னொன்றை வாங்கி வந்தார். மெத்தைகள் அடுக்கியிருந்த சின்ன அறையில் மேஜை போட்டு, ஹெட்போன் மாட்டி உட்கார்ந்தார். அப்படியும் எங்கிருந்தோ ஒரு ரீங்காரம். தேடினால், சொந்த பிரிட்ஜ். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பதிவை முடித்தார். திரும்ப மாட்ட மறந்தார். பிரிட்ஜ் மெக்கானிக் வீட்டிலேயே இரண்டு லிட்டர் பால் கெட்டுப்போனதற்கு அக்கா போட்ட சத்தம் எந்த மைக்கும் இல்லாமல் மாடி வீடு வரை கேட்டது.

லெக்சரர் ஒரு விதியும் வைத்திருந்தார். ஒருவர் பேசும்போது மற்றவர் மியூட்டில் இருக்க வேண்டும். இருமினாலும் தும்மினாலும் தொந்தரவு இருக்காது.

ஞாயிறு காலை அக்கா காபியோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். தொடக்கத்தில் இருவரும் தட்டியிருந்த கைத்தட்டலை வைத்து இரண்டு ஃபைலையும் பொருத்தினார். குரல்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தன. பிரிட்ஜை ஏன் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது என்று கணவர் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது தம்பியின் ஃபைலில் ஏதோ முணுமுணுப்பு.

"தப்பு. அதுவும் தப்பு. ஐயோ மாமா, குளிர்னு ஒண்ணு கிடையவே கிடையாது."

அக்காவுக்கு விஷயம் புரிந்தது. மியூட் போட்டால் எதிரில் இருப்பவருக்குத்தான் கேட்காது. அவரவர் கம்ப்யூட்டர் பாட்டுக்குப் பதிந்துகொண்டுதான் இருக்கும். தம்பி பேசும் இடத்துக்குப் போய்க் கணவரின் ஃபைலைத் திறந்தார். முதலில் ஒரு கொட்டாவி. பிறகு எதையோ ஸ்க்ரூடிரைவரால் திருகும் சத்தம். பிறகு:

"வந்துட்டார்யா, அணுவுலேர்ந்து ஆரம்பிக்கிறார். மாப்ள, நீ ஒரு நாளாவது பிரிட்ஜுக்குப் பின்னாடி எட்டிப் பாத்திருக்கியா? கரப்பான் இருக்கும், கத்திடுவே."

காபி மூக்கில் ஏறும் வரை அக்கா சிரித்தார். முப்பத்திரண்டாவது நிமிஷத்தில் தம்பி சொன்னார்: "அக்காவுக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது. வெட்டிடுவா." ஒன்பது நிமிஷம் கழித்துக் கணவர்: "இவ கையில கத்திரி கிடைச்சா போதும். நல்ல இடமாப் பாத்து வெட்டுவா."

சிரிப்பு நின்றுவிட்டது. பதினான்கு வருஷமாக அடுத்தவர் வாக்கியத்தை நேராக்கியவர். அதில் என்ன எழுதியிருக்கிறது, உனக்கு என்ன தோன்றுகிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. வீட்டிலும் அதே கதையா? முணுமுணுப்பில் ஒன்றைக்கூட வெட்டாமல் சேர்த்து, இருவருக்கும் அனுப்பினார். "கேட்டுப் பாருங்க. சாயங்காலம் போடறேன்."

ஒரு மணி நேரத்தில் மெக்கானிக் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நான் மியூட்லதானே இருந்தேன்?"

"நீங்க இருந்தீங்க. கம்ப்யூட்டர் இல்ல."

அதற்குள் போன் அடித்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, அதைப் போட்டுடாதே. என் ஸ்டூடன்ட்ஸ் கேப்பாங்க."

"எனக்குத்தான் ஒண்ணும் புரியாதே தம்பி. கை தவறிப் போட்டாலும் போட்டுடுவேன்."

தம்பி இறங்கி வந்தார். "சரி, என்ன வேணும் சொல்லு."

"மூணாவது மைக்."

"நீ என்ன பேசுவே?" என்றார் மெக்கானிக். கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"தினமும் பத்து தடவை அந்த பிரிட்ஜைத் திறக்கிறவ நான். எனக்குப் பேச விஷயம் இல்லையா?"

பேரம் படிந்தது. தன்னைப் பற்றிய இரண்டு வரியை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே போட்டார் அக்கா. ஒரே வாரத்தில் பத்தொன்பது பேர் நானூறு பேரானார்கள். கரப்பான் வரும் இடத்தைத்தான் பலர் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை மெக்கானிக் மெத்தை அறையில், அக்கா படுக்கையறையில், லெக்சரர் அவர் ஊரில். ஃப்ரீசரில் பனி ஏன் கட்டுகிறது என்று கேட்டதற்கு லெக்சரர் மூலக்கூறுகளைக் கூப்பிட்டார்.

"தம்பி, நான் கேட்டது ஃப்ரீசரைப் பத்தி. அண்டத்தைப் பத்தி இல்ல," என்றார் அக்கா.

மெக்கானிக் மியூட்டை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"நீங்க சிரிக்காதீங்க. நம்ம வீட்டு ஃப்ரீசர் கதவு மூணு மாசமா மூட மாட்டேங்குது. அது ஏன்னு சொல்லுங்க முதல்ல."

பிறகு அக்கா தொடர்ந்து ஆறு நிமிஷம் பேசினார். ஆண்கள் இருவரும் மரியாதையாக மியூட்டுக்குப் போனார்கள்.

ஞாயிறு காலை மூன்று ஃபைலையும் பொருத்தினார். மியூட்டில் பேசினாலும் பதிவாகும் என்று தெரிந்தும் ஆண்கள் இருவரையும் பழக்கம் விடவில்லை. அந்த ஆறு நிமிஷத்தின் நடுவில், ஒரே விநாடியில், இரண்டு ஊர்களிலிருந்தும் ஒரே மாதிரிப் பெருமூச்சு. தொடர்ந்து தம்பி, "மாமா, சரியா மாட்டிக்கிட்டோம்." கணவர், "மாப்ள, இனி நமக்கு வாயே இல்ல."

நிகழ்ச்சி தொடங்கியதிலிருந்து இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். அக்கா அதை வெட்டவில்லை. சரியாகக் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, அடுத்த நிமிஷத்துக்குப் போனார்.