மூன்றாவது மைக்ராஸ்கோப்

லேப் டெக்னீஷியன் படிப்பில் எல்லாத் தாளிலும் தேறிவிட்டு, செய்முறைத் தேர்வில் மட்டும் போன தடவை கோட்டை விட்டிருந்தாள் கனிமொழி. கடலூரில் வேலை தருவதாகச் சொன்ன லேபில், "இந்தத் தடவயாவது பாஸ் பண்ணிட்டு வாம்மா. இல்லன்னா வேற ஆள் போட்டுடுவோம்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். கம்மாபுரத்தில் பஸ் ஏறியதிலிருந்து தேர்வு நடக்கும் சிதம்பரம் வந்து இறங்கும்வரை அவள் செய்முறை நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தாள்.

முதல் பேட்சில் எழுதிவிட்டு வெளியே வந்த தோழி சுவேதா காதைக் கடித்தாள். "மூணாவது மைக்ராஸ்கோப்புல மோனோசைட்டுடி. எல்லாரும் அதத்தான் எழுதியிருக்கோம். கண்ண மூடிக்கிட்டு எழுதிட்டு வா."

கண்ணை மூடிக்கொண்டு மைக்ராஸ்கோப் பார்க்கிற அதிசயம் உலகத்தில் உண்டா? அடுத்த பேட்சில் உள்ளே போன கனிமொழி நன்றாகத் திறந்தே பார்த்தாள். லென்ஸுக்குள் தெரிந்த முள் காட்டிய வெள்ளணுவின் உட்கரு இரண்டு துண்டாக இருந்தது. சுற்றிலும் கேசரி ரவை மாதிரி ஆரஞ்சு நிறத்தில் குருணை குருணையாக அப்பிக் கிடந்தது. இது இயோசினோஃபில் அல்லவா? மோனோசைட்டின் உட்கரு அவரை விதை போல வளைந்து ஒரே துண்டாக அல்லவா இருக்கும்? மறுபடி பார்த்தாள். சந்தேகமே இல்லை.

ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். வாழலாம், ஊரோடு ஒத்து ரத்தம் பார்க்க முடியுமா? வந்தது வரட்டும் என்று இயோசினோஃபில் என்றே எழுதிக் கொடுத்தாள்.

தாள்களைப் புரட்டிய தேர்வாளர் செந்தமிழ்செல்வன் அவளைக் கூப்பிட்டார். "ஏம்மா, அத்தன பேரும் மோனோசைட்னு எழுதியிருக்காங்க. நானே வெச்ச ஸ்லைடு அது. நீ மட்டும் எந்த ஊர்லேர்ந்து வந்த?"

"கம்மாபுரம் சார். ஆனா முள்ளுக்கு நேரா இருக்கறது இயோசினோஃபில்தான். நீங்களே வந்து பாருங்க."

அடேயப்பா, என்ன தைரியம்! அவர் எழுந்து போய்க் குனிந்தார். ஆரஞ்சுக் குருணை அவர் கண்ணிலும் பட்டது.

"கொஞ்சம் தள்ளிக்குங்க சார்" என்று கனிமொழி ஸ்லைடை மெல்ல நகர்த்தினாள். ஒரு நியூட்ரோஃபில் போனது, ஒரு லிம்ஃபோசைட் போனது. அப்புறம் நிறுத்தினாள். "இதான் சார் நீங்க வெச்ச மோனோசைட். யாரு கையோ பட்டு ஸ்லைடு நகந்துருக்கு."

பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார் அவர். அவள் தாளில் முழு மார்க்கைப் போட்டார். பதிவேட்டில் 'இரண்டாம் முறை' என்றிருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது.

"அடி சக்கை! இவ்ளோ தெரிஞ்ச பொண்ணு போன தடவ எப்படிம்மா பெயிலான?"

கனிமொழி தலை நிமிர்ந்து நின்றாள். இதைச் சொல்ல அவளுக்கு இப்போது வெட்கமே இல்லை.

"போன தடவ, வெளிய வந்தவங்க சொன்னத எழுதுனேன் சார்."