இருமலுக்கு ஓடி வந்த கோழி

எங்கள் வீட்டுப் பின்கட்டில் என் மகள் நாலு கோழிகள் வளர்க்கிறாள். அதில் ஒன்றுக்கு மேனேஜர் என்று பெயர். எவ்வளவு குண்டு என்றால், அதன் முதுகில் இந்தப் பக்கம் உட்கார்ந்த ஈ அந்தப் பக்கம் போய்ச் சேர, நடுவில் ஒருமுறை இளைப்பாறும். வேலைக்காலம் முழுவதும் எடை மேடையில் உட்கார்ந்து லாரிகளை எடை போட்டவன் நான். எடை விஷயத்தில் மிகைப்படுத்திச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. ஒருமுறை ஒரு டிரைவரிடம், "வண்டியில எலி இருக்கு, இறக்கி விட்டுட்டு வா" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். இறங்கியது எலிதான்.

மேனேஜர் முட்டையிடுவதை நிறுத்தியதும் மகள் மாட்டு டாக்டரைக் கூட்டி வந்தாள். அவர் அதன் நெஞ்சைத் தடவினார், மறுபடி தடவினார்.

"எலும்பு எங்கம்மா? விரலுக்கே தட்டுப்படலியே! உள்ள கொழுப்பு கட்டிப்போச்சு. இப்படியே விட்டா முட்டை வழியிலயே சிக்கி உயிர் போயிடும். தீனிய அளந்து போடு. ஒரே இடத்துல கொட்டாம சருகுக்குள்ள தூவி விடு, கிளறித் தின்னட்டும். பிஸ்கட்டு கிஸ்கட்டு எதுவும் கூடாது."

பிஸ்கட் என்றபோது அவர் எதற்கு என்னைப் பார்த்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

எனக்குச் சர்க்கரை வியாதி. அதனால் மகள் பிஸ்கட் டப்பாவைப் பூட்டி வைத்திருந்தாள். நான் ஒரு பொட்டலம் வாங்கி, கூண்டுக்குப் பின்னால் செங்கல் இடுக்கில் செருகி வைத்திருந்தேன். மதியம் எல்லோரும் கண்ணயர்ந்ததும் போய்த் தின்பேன். தூள் தொண்டையில் அடைத்து இருமல் வரும். அந்த இருமலைக் கேட்டுத்தான் மேனேஜர் என்னைக் கையும் களவுமாகப் பிடித்தது. கண்டும் காணாமல் இருக்கப் பாதி பிஸ்கட் கேட்டது. மேடையில் இருந்த காலமெல்லாம் எவனிடமும் கை நீட்டாதவன், கடைசியில் ஒரு கோழிக்கு லஞ்சம் கொடுத்தேன்.

அதன்பிறகு நான் இருமினால் போதும், நாலும் ஓடி வரும். மேனேஜர் மற்ற மூன்றையும் மிதித்துத் தள்ளிக்கொண்டு முதலில் வரும். சொட்டை என்று ஒன்று, கழுத்தில் இறகு கொட்டிய சாது, கொத்து வாங்கிக்கொண்டு வேலியோரம் ஒதுங்கும்.

டாக்டர் வந்து போன பிறகாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத்தான் நினைத்தேன். மேனேஜர் ஒப்புக்கொள்ளவில்லை.

ஞாயிறுதோறும் எடை பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. "இதுல அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது" என்று மகள் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். கோழியைத் துணிப்பையில் போட்டுத் தொங்கு தராசில் மாட்டுவேன். உள்ளதை உள்ளபடி சொல்வேன்.

"மேனேஜர் இன்னும் கூடியிருக்கும்மா."

"எப்படிப்பா? அளந்துதானே போடறேன்!" வீட்டுக்குள் திரும்பிக் கத்தினாள். "ஏங்க, நீங்க மிச்சச் சோத்தைக் கொட்டறீங்களா?"

"உன் சமையல்ல மிச்சம் வச்சு நான் உயிரோட இருக்க முடியுமா?" என்றார் மாப்பிள்ளை. அப்படியும் அவள் நம்பவில்லை. நான் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பொய் எடை சொல்லவில்லை. காரணத்தை என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அவள் நாலுக்கும் தீனியைக் குறைத்தாள். எடை இறங்கவில்லை. மேலும் குறைத்தாள்.

போன ஞாயிறு சொட்டையைப் பையில் போட்டுத் தூக்கினேன். வெறும் பையைத் தூக்கியதுபோல் இருந்தது. நெஞ்செலும்பு கத்தி விளிம்பு மாதிரி கையில் உறுத்தியது. கொண்டை வெளுத்திருந்தது. மகள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எல்லாம் என்னாலதான்பா. குண்டை இளைக்க வைக்கறேன்னு இதைப் பட்டினி போட்டுட்டேன். வாயில்லா ஜீவன். பொழைக்குமா?"

அவள் கண்ணிலிருந்து சொட்டு விழுந்தது சொட்டையின் முதுகில். எனக்கு வாயைத் திறந்தால் பொய் தானாக ஓடி வரும். உண்மையை எத்தனை தரம் கூப்பிட்டும் அன்றைக்கு அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதனால் இருமினேன்.

சருகு பறந்தது. மேனேஜர் புயல் மாதிரி வந்து என் மடியில் ஏறி, சட்டைப் பையைக் கொத்தியது. ஒன்றும் இல்லை என்றதும் இறங்கிக் கூண்டுக்குப் பின்னால் போய், அந்தச் செங்கல்லுக்கு முன்னால் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. மகளும் பார்த்தாள். எழுந்து போனாள். பொட்டலத்தோடு வந்தாள்.

"தினமுமா?"

"மதியம் மட்டுந்தாம்மா."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நாலு கோழிக்கும் பத்தியம் பார்த்தேன், அஞ்சாவது கோழிய விட்டுட்டேன். போங்க, உங்க மாப்பிள்ளைகிட்ட நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். செய்தித்தாளுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் தோள் குலுங்கியது.

இப்போது சொட்டைக்குத் தனித் தீனி, பின்னறையில். கதவைச் சாத்திக்கொண்டு காவலுக்கு நான். நான் பார்த்தால் அது தின்னாது, சுவரைப் பார்த்துக்கொள்கிறேன். நேற்றுத் தராசில் முள் கொஞ்சம் ஏறியது. வெளியே மேனேஜர் சருகைக் கிளறி, உழைத்துத் தின்னப் பழகுகிறது.

எனக்கு உண்மையிலேயே சளி பிடித்திருக்கிறது. இன்று இருமல் வந்துவிட்டது. மேனேஜர் வந்து கதவில் மோதிய சத்தம் கேட்டது. அது பரவாயில்லை. சொட்டை தட்டை விட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு மூலைக்குப் போய் ஒடுங்கியது. என் இருமல் என்றால் அதற்குக் கொத்து விழும் நேரம்.

வெகுநேரம் கழித்துத்தான் தட்டுக்குத் திரும்பி வந்தது. நான் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அது ஒவ்வொரு மணியாகப் பொறுக்குகிறது. அவசரமே இல்லை.