பெரிலின் கட்டில் எந்தச் சேகரம்?

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: நான் கதை எழுத உட்காரவில்லை. நெதர்கோட் ஊர் வரலாற்றுப் புத்தகத்துக்கு 'எல்லைகள்' என்று ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தேன். (இங்கே வந்து இருபது வருடம் ஆகிறது. இன்னும் 'புதுசா வந்தவர்' என்றுதான் பெயர். யார் பக்கமும் சாயமாட்டேன் என்று இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.)

முதல் தொடக்கம்: 'பனி மூடிய மே மாதக் காலையில், தொன்மையான…' வேண்டாம். மே மாதம் இங்கே மழைதான்.

2

பெரில் டாக்கெட்டிலிருந்து தொடங்கலாம். எண்பது தாண்டியவர். கணவர் சிரில், நெதர்கோட் கிறிஸ்தவக் கோயில் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். பக்கத்து இடம் காலி. தன்னை அங்கே புதைக்க வேண்டும், அவ்வளவுதான் பெரிலின் ஆசை.

ஆனால் நெதர்கோட் சேகரத்தில், அதாவது அந்தக் கோயிலுக்கு உட்பட்ட பகுதியில், குடியிருப்பவர்களுக்கே அங்கே இடம். பெரிலின் வீடோ எல்லைமேல் நிற்கிறது. அடுப்படி நெதர்கோட், படுக்கையறை ஸ்டோக்மார்ல் சேகரம் என்பார்கள். ஒருவர் தலைசாய்க்கும் இடமே அவருடைய சேகரம் என்பது ஊரில் பழைய பேச்சு.

3

ஒவ்வொரு மே மாதமும் ஊரே குச்சியோடு எல்லைக் கற்களைத் தட்டிக்கொண்டு எல்லை சுற்றிவரும். பெரில் வீட்டுக்குள் நுழைந்து ஜன்னல் வழியே வெளியேறுவது வழக்கம். இந்த வருடம் அடுப்படியில் கட்டில் கிடந்தது.

"என்ன பெரில், நடுவழில கட்டிலப் போட்டிருக்க?" என்றார் கோயில் நிர்வாகி கிளெமென்ட்.

"என் வீடு, என் கட்டில். ஏறிக் குதிச்சுப் போ. பள்ளிக்கூட வேலியத் தாண்டி ஓடுனவன்தானே நீ."

"இங்க இருந்த எல்லைக்கல்லு ரோடு போட்டப்பவே போச்சு. கோடு எங்க போகுதுன்னு யாரு கண்டா? புத்தகம் வரட்டும். அதுல உள்ளபடி வச்சுக்குவோம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

(அடிக்குறிப்பு: கிளெமென்டை வில்லனாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. தோட்டத்தில் மிச்சம் நாலைந்து குழிதான். அவர் மனைவியும் படுத்த படுக்கை.)

4

எல்லை, பழைய ஓடையை ஒட்டியது. ஓடையை எப்போதோ திருப்பிவிட்டார்கள். மழைத் தண்ணீர் தேங்கும் பள்ளத்தோடு நடந்து பார்த்தேன். பழைய தடம் பெரிலின் வாசலுக்கு முன்னாலேயே போகிறது. அடுப்படியும் சேர்த்து வீடு முழுக்க ஸ்டோக்மார்ல்.

முடிவு ஒன்று: பொய் எழுதுகிறேன்.

முடிவு இரண்டு: உண்மையை எழுதுகிறேன். கிளெமென்ட் மனம் இளகி… இல்லை, அவர் இளகுகிற ஆள் இல்லை.

கடைசியில் பெரிலிடமே போய்ச் சொன்னேன். தேநீரைக் கலக்கிக்கொண்டே கேட்டார்.

"உள்ளத எழுதுப்பா. பொய்யச் சொல்லி சிரில் பக்கத்துல போய்ப் படுக்க எனக்கு இஷ்டமில்ல."

பிறகு ஜன்னல் வழியே முன்தோட்டத்தைப் பார்த்தார். "அந்தக் கரிக்கொட்டகை பள்ளத்துக்கு அந்தாண்டதானே? கோயில் பக்கம்?"

"ஆமா."

"கட்டில் உள்ள நுழையுமா?"

5

'சேகர எல்லை, டாக்கெட் வீட்டின்…'

வாக்கியம் இங்கேயே நிற்கிறது. நவம்பர் பிறந்து குளிர் இறங்கிவிட்டது, அச்சகத்தில் அவசரப்படுத்துகிறார்கள். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். அதற்குமுன் ஒன்று தெரிந்திருக்கட்டும்: கொட்டகைக்குக் கதவு கிடையாது.