வெள்ளிக்கிழமைக் குடும்பம்

குளிர்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வைரவன் உமாராணிக்குத் தம்பி. மற்ற நாட்களில் அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் ஒரு பட்டறையில் வெல்டர். தொழிலாளர் கேம்ப்பில் எட்டுப் பேர் அறையில் மேல்கட்டில்.

இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அபுதாபியில் இருந்த சில தமிழ்க் குடும்பங்கள் வெயில் தணிந்ததும் ஒன்றாகக் கிளம்பி, புஜைரா மலைகளுக்குள் ஓடும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் நடக்கப் போவார்கள். குழந்தைகளும் நடக்கக்கூடிய தடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரே கட்டுப்பாடு, குடும்பங்கள் மட்டும்தான், பேச்சலர்களுக்கு இடமில்லை. ஊரில் பெண்டாட்டி பிள்ளை இருந்தாலும் இங்கே ஒண்டியாக இருப்பவன் பேச்சலர்தான். அந்த ஊர்ப் பூங்காக்களின் வாசல் காவலாளிக்கும் அதே சட்டம். அதனால் தெரிந்த குடும்பம் ஒன்றோடு ஒட்டிக்கொண்டு, ‘இவன் எங்க வீட்டு ஆளு’ என்று அவர்களைச் சொல்லவைத்து உள்ளே நுழைவது பேச்சலர்களின் வழக்கம்.

விஜயபாஸ்கர் எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர். தன் வீட்டு ஜன்னலுக்குக் கம்பி அடிக்க வந்த வைரவன் ஊரில் பக்கத்து ஊர்க்காரன் என்று தெரிந்ததும், பாவம் என்று ஒரு வெள்ளிக்கிழமை உடன் அழைத்துப் போனார். யாரென்று மற்றவர்கள் கேட்டபோது அவர் மனைவி உமாராணி யோசிக்காமல், “என் தம்பி” என்றாள். அவர்கள் மகள் சந்தியாவுக்கு அப்போது மூன்று வயது. பாதி வழியில் கால் வலிக்கிறதென்று கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். வைரவன் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து அந்தத் தோள் அவளுடையது. மூன்று குளிர்காலம் போய்விட்டது.

நடந்துவிட்டு வந்த ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஊருக்குப் போன் செய்வான். மகன் கார்மேகம் காத்திருப்பான். தகப்பனை அவன் நேரில் பார்த்தது இரண்டு லீவில்தான். பேச என்ன இருக்கிறது? ஆகவே வைரவன் அந்தப் பள்ளத்தாக்கைச் சொன்னான். முதலில் வரும் ஈச்சமரங்கள், பிறகு யானை படுத்திருப்பதுபோல் ஒரு பாறை, அதைத் தாண்டி அரளிப் புதர், அதற்கப்புறம் பச்சைத் தண்ணீர்.

“அந்தத் தண்ணியை எப்படிப்பா தாண்டுறது?”

“நீ எதுக்குத் தாண்டணும்? அப்பா தோள்ல தூக்கிட்டுப் போவேன்.”

போன் கார்டு தீரும்வரை இதையே திருப்பித் திருப்பிக் கேட்பான். அங்கே தான் யாரைத் தூக்கிக்கொண்டு போகிறான் என்பதை மட்டும் வைரவன் சொன்னதில்லை. சொல்லும்படி ஒன்றும் அதில் இருப்பதாக அவனுக்கு அப்போது தோன்றவில்லை.

இந்தக் குளிர்காலத்தில் அவன் மனைவி மீனாம்பாளும் கார்மேகமும் விசிட் விசாவில் வந்தார்கள். விசா எடுத்துக் கொடுத்தது விஜயபாஸ்கர். தங்க இடம் கொடுத்ததும் அவர்தான், சமையலறையை ஒட்டிய சிறிய அறை. வந்த மறுநாளே மீனாம்பாள் அந்தச் சமையலறையில் நின்றுவிட்டாள். யாரும் நிற்கச் சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்து சாப்பிட அவளுக்குக் கூச்சமாக இருந்தது. வைரவன் டூட்டி முடிந்து வரும்போது பையன் தூங்கியிருப்பான். விழித்திருந்தால், போனில் அத்தனை பேசியவன், நேரில் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு பார்ப்பான்.

‘அந்தத் தண்ணீருக்குப் போனால் சரியாகிவிடும்’ என்று வைரவன் நினைத்துக்கொண்டான். மகனை ஒரு தடவை தோளில் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டிவிட்டால் போதும். அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. வண்டிகளை நிறுத்திவிட்டு இறங்கியபோது, வங்கி மேலாளர் அனந்தகிருஷ்ணன் வழக்கம்போல ஆரம்பித்தார்.

“என்ன பாஸ்கர், மச்சான் இந்தத் தடவை குடும்பத்தோட வந்துட்டாப்ல. அப்ப உங்க கூல்பாக்ஸை யாரு தூக்குறது?”

“அவன்தான் சார், வேற யாரு?” என்றார் விஜயபாஸ்கர். எல்லோரும் சிரித்தார்கள். வைரவனும் சிரித்தான். அந்த ஐஸ் பெட்டி ஏற்கெனவே அவன் கையில்தான் இருந்தது.

நடக்கத் தொடங்கியதும் விஜயபாஸ்கர் பக்கத்தில் வந்து, “விசாவை இன்னொரு மாசம் நீட்டிக்கிற விஷயம் ஞாபகம் இருக்கு வைரவா. பேசிடறேன்,” என்றார். நல்ல மனிதர். வைரவன் தலையாட்டினான்.

கார்மேகத்துக்கு வழி தெரிந்திருந்தது. ரப்பர் செருப்பு சரளைக்கல்லில் வழுக்க வழுக்க, ஈச்சமரங்களைக் கண்டதும் அம்மாவின் கையை விட்டுவிட்டு முன்னால் ஓடினான்.

“ம்மா, யானைப் பாறை! அப்பா சொன்னாருல்ல, அதான்!”

வந்த நாளிலிருந்து அவன் ‘அப்பா’ என்று வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை. முன்னால் போய்க்கொண்டிருந்த வைரவன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று கல்லைப் பார்த்தபடியே நடந்தான்.

அரளி பூத்திருந்தது. “இங்கயும் இதுதானா? நம்ம ஊர்ல ஆடு மாடுகூட வாய வைக்காது,” என்றாள் மீனாம்பாள்.

“இங்கயும் வைக்காது,” என்றான் வைரவன். வெகுநாளைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

தண்ணீர் வந்தது. இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவில், பெரியவர்களுக்கு முழங்காலுக்கு மேல். அடியில் பாசி பிடித்த உருண்டைக் கற்கள். முன்னால் போனவர்கள் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்கள். கார்மேகம் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தான். பிறகு தகப்பனைப் பார்த்தான். வைரவன் பெட்டியைக் கீழே வைத்தான்.

“மாமா, அப்!”

சந்தியா இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். வைரவனின் முழங்கால்கள் தாமாகவே மடங்கின. மூன்று குளிர்காலமாக மடங்கிய முழங்கால்கள். அவளைத் தூக்கினான், இடது தோளில் உட்காரவைத்தான், ஷூ நனையாமல் கணுக்காலைப் பிடித்துக்கொண்டான், வழுக்காத கல்லாகப் பார்த்துப் பார்த்துக் கால்வைத்து அக்கரைக்குப் போனான். இறக்கிவிட்டான். “தேங்க் யூ மாமா,” என்றாள். அதன்பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

திரும்பினான்.

கார்மேகம் இன்னும் அங்கேயே நின்றான். அவன் கைகள் இடுப்பு உயரத்துக்குத் தூக்கியபடி இருந்தன. தூக்கியதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல மெல்லக் கீழே இறக்கிக்கொண்டான்.

வைரவன் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு ஓடி வந்தான். நடுவில் வருவதற்குள் பையன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தானே இறங்கிவிட்டான். தண்ணீர் அவன் இடுப்புவரை வந்தது.

“நில்லுடா, அப்பா தூக்கிக்கிறேன்.”

“வேணாம்.”

ஒரு கல்லில் வழுக்கி, சமாளித்து, தொடர்ந்து நடந்தான். வைரவன் கூடவே நடந்தான்.

“போன்ல சொன்ன தண்ணி இதுதானா?”

“ஆமாடா.”

“அப்பவும் அந்தப் புள்ளையத்தான் தூக்கிட்டுப் போனீங்களா?”

மகன் கரையேறியதும் வைரவன் திரும்பிப் போய், விட்டுவந்த பெட்டியை எடுத்து வந்தான். பையன் இரண்டாம் முறை கேட்கவில்லை.

பின்னாலேயே தண்ணீரைத் தாண்டி வந்த மீனாம்பாள் அக்கரையில் சேலைத் தலைப்பால் மகனின் காலைத் துடைத்தாள். கணவன் பக்கம் பார்க்காமல், “என் புள்ளைக்கு வாய்ப்பேச்சு, அந்தப் புள்ளைக்குத் தோளு. நல்லாப் பிரிச்சீங்க,” என்றாள். அவனுக்கு மட்டும் கேட்கும்படி, மெதுவாகத்தான்.

மேலே அருவி இருந்தது. போனில் அதைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறான். கார்மேகம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, புளிச்சோற்றைக் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டான். யாரோ கேமராவைத் தூக்கியபோது, “குடும்பம் குடும்பமா நில்லுங்க,” என்றார்கள். சந்தியா ஓடி வந்து வைரவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். மீனாம்பாள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

திரும்பும்போது மறுபடியும் அதே தண்ணீர். கரைக்கு வந்ததும் உமாராணி மகளைப் பிடித்து நிறுத்தினாள். அவளும் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

“சந்தியா, இப்ப நீ நடந்து வா. மாமா அவர் பையனைத் தூக்கட்டும்.” பிறகு வைரவனிடம், “தூக்கிக்கோ வைரவா, பரவாயில்ல,” என்றாள்.

அன்பாகத்தான் சொன்னாள். கார்மேகத்தின் காதிலும் அது விழுந்தது.

வைரவன் பெட்டியை வைத்துவிட்டு மகனுக்கு முன்னால் குனிந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தான். கைகளைப் பின்னால் நீட்டினான். “ஏறுடா கண்ணு.”

தண்ணீர் ஓடுவது மட்டும் கேட்டது. பிறகு ரப்பர் செருப்பின் ஓசை அவன் முதுகுக்குப் பின்னால் வந்து, ஒரு கணம் நின்று, வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு அவனைத் தாண்டிப் போயிற்று. முன்னால் தண்ணீரில் நின்ற அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கார்மேகம் இறங்கினான்.

வைரவன் எழுந்திருக்கவில்லை. நீட்டிய கைகளை மடக்கவும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தால் பையன் திரும்பிப் பார்ப்பான் என்று ஒரு நினைப்பு.

“அவனுக்கு வேண்டாமாம், அம்மா. அப்ப நான் ஏறிக்கட்டா?”

யாரும் பதில் சொல்வதற்குள் இரண்டு சிறிய கைகள் அவன் கழுத்தைச் சுற்றிக்கொண்டன. ஷூ போட்ட கால்கள் விலாவில் பழக்கப்பட்டதுபோல் வந்து பொருந்தின.

“யல்லா மாமா, போலாம்!”

வைரவன் எழுந்தான். குனிந்து பெட்டியையும் எடுத்துக்கொண்டான்.