மேனகாவின் அறுபத்தொரு வயது

ஒரு புதன்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு மேனகாவுக்கு அறுபத்தொரு வயதானது. அன்று விடிய எழும்பும்போது அவளுக்கு இருபத்துமூன்று, வயிற்றில் ஐந்து மாதம். மலையகத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறையில் இருந்த குடும்பம். பிறப்புச் சான்றிதழில் பிழை இருந்ததால் அவளுக்கு அடையாள அட்டை வரவேயில்லை. சிம் எடுப்பதென்றாலும் பார்சல் எடுப்பதென்றாலும் அறுபத்தொரு வயது மாமியார் பேச்சியம்மாவின் அட்டையைத்தான் நீட்டுவாள். சோதனைக்கு இரத்தம் கொடுக்கப்போன இடத்திலும் தன் பெயரைச் சொல்லிவிட்டு அதையே நீட்டினாள். அட்டை இலக்கத்திலேயே பிறந்த வருடம் இருக்கிறது, பிறகு முகத்தை யார் பார்க்கப்போகிறார்கள்?

சுகாதார அலுவலகத்தில் சிபிலிஸ் முடிவுகளை வடிகட்டுகிறவள் வெள்ளவத்தைச் சிவானி. வருகிற முடிவெல்லாவற்றுக்கும் ஆள் தேடிப்போக ஏலாது. அதனால் எதைத் தேடுவது, எதை மூடுவது என்று பார்க்க ஒரு கட்டத்தாள் வைத்திருந்தார்கள்: வயது கூடி, இரத்தத்தில் காட்டும் அளவு குறைந்திருந்தால் பழைய நோய், எப்போதோ மருந்தெடுத்தது என்று கொண்டு மூடிவிட வேண்டும். பதினொன்றரைக்குச் சிவானி மேனகாவின் முடிவை மூடினாள். தேங்காய் துருவிக்கொண்டிருந்த மேனகாவின் கை சுருங்கியது, தலை நரைத்தது. வயிறு மட்டும் அப்படியே இருந்தது.

கர்ப்பிணிகள் கிளினிக்கில் அவளைத் துணைக்கு வந்த ஆள் என்று வாங்கில் இருத்தினார்கள். மூன்று கிளினிக் நாள் அப்படியே போனது. கடைசியில் விசாரித்து விசாரித்து, தன் இரத்தத்தில் பிள்ளைக்கும் தொற்றுகிற நோய் இருப்பதையும் அதற்கு ஊசி இருப்பதையும் அறிந்து, சிவானியிடமே வந்து சேர்ந்தாள்.

"எனக்கு இருபத்திமூணுதான் மிஸ். அட்டைதான் அத்தையோடது. புள்ளைக்காச்சும் அந்த ஊசிய போடச் சொல்லுங்க."

சிவானி நம்பினாள். பாவம், அவள் சும்மா இருக்கவுமில்லை. மூன்று கடிதம் எழுதினாள், டொக்டரிடம் கெஞ்சினாள். அவர் மேனகாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கணினியில் வயதைத் திருத்தினால் மறுநாள் பழையபடி அறுபத்தொன்று. தங்கச்சி என்று கூப்பிட நினைத்தும் அவள் வாயில் அம்மா என்றே வந்தது.

"எனக்கு விளங்குது அம்மா. நான் திறக்கத் திறக்க அது மூடுது."

எட்டாம் மாதம் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. அழவில்லை. இரண்டு மணித்தியாலம் இருந்தது.

அடுத்த வருடம் கட்டத்தாளில் அறுபது வயதுக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளுக்கென்று ஒரு வரி சேர்த்தார்கள். நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது. மேனகா இப்போது கொச்சிக்கடை பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள். ஏறியதும் பெண்கள் எழும்பி இடம் கொடுக்கிறார்கள், அநேகமாக அவளைவிட மூத்தவர்கள். அவள் மறுப்பதில்லை, உட்காருகிறாள்.