நூற்றெட்டுத் தோப்புக்கரணம்

எனக்கு முட்டி வலி வந்ததற்குக் காரணம் சர்க்கரை. கைநீட்டிப் பழி போட அதுதான் இருக்கிறது. சர்க்கரை ஏறியிருக்கிறது, உடம்பை அசைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தாராவியில் எங்கே போய் அசைப்பது? எங்கள் சந்தில் எதிரே ஒரு ஆள் வந்தாலே சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். அந்த நேரம் பார்த்து என் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. தினம் நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போட்டால் நாற்பத்தெட்டே நாளில் சர்க்கரை ஓடிப்போகும் என்று காவி வேட்டிக்காரர் ஒருவர் அடித்துச் சொன்னார். பிள்ளையார் முன்னால் போட்டால் புண்ணியமும் உண்டாம்.

நான் கடைசியாகத் தோப்புக்கரணம் போட்டது மூன்றாம் வகுப்பில், ஏழாம் வாய்ப்பாடு தெரியாமல். அதற்குப் பிறகு ஐம்பத்தாறு வயதில் சந்துமுனைப் பிள்ளையார் முன்னால் காதைப் பிடித்தேன். பத்து, இருபது என்று கூட்டிக்கொண்டு போகலாம் என்று எவனும் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்டிருக்க மாட்டேன். முதல் நாளே நூற்றெட்டு. இருபதாம் நாள், அறுபத்து நாலாவது தடவை எழுந்தபோது வலது முட்டியில் ‘கடக்’ என்றது. பிள்ளையார் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

முட்டி வலி யாருக்கும்தான் வரும். ஆனால் எங்கள் வரிசை வீடுகளில் வந்தால் அதற்குப் பொருள் வேறு. கீழே ரெக்சின் பை தைக்கிற கார்கானா. மேலே பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நானும் என் பெண்டாட்டி ஆறுமுகத்தாயும். மகள் கல்யாணமாகி வாஷிக்குப் போய்விட்டாள். மேலே வருவதற்குச் சுவரில் சாத்தி வைத்துப் பற்றவைத்த இரும்பு ஏணி, செங்குத்தாகப் பதினோரு படி. தண்ணீருக்கும், சண்டாஸ் என்று இங்கே சொல்கிற பொதுக் கக்கூசுக்கும், கடைக்கும், கோயிலுக்கும் அதில்தான் இறங்கியாக வேண்டும். அந்த ஏணியில் ஏற முடியாதவர்களுக்குப் பம்பாயில் இடமில்லை. யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் வரிசை முழுக்க அப்படித்தான் நடக்கிறது. முட்டி போனதா, ஊருக்கு ரயில் டிக்கெட். என் அம்மாவையே நான்தான் ரயிலேற்றினேன். வள்ளியூர்ப் பக்கம் என் தம்பி இசக்கிதுரை வீட்டில், மாட்டுக்கொட்டகையை ஒட்டிய பின்கட்டு அறையில் பதினாலு மாதம் இருந்து போய்ச் சேர்ந்தாள். நல்லபடியாகச் செய்தோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் ‘கடக்’ என்றதும் முட்டியைப் பிடித்துக்கொண்டு பிள்ளையார் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தெட்டு வருஷம் இந்த ஊரில் கிடந்த என்னை அந்தப் பின்கட்டு அறை கூப்பிடுகிறது என்று பயந்தேன். பயத்தை வெளியே காட்டத் தெரியாதவன் என்ன செய்வான், கத்துவான். வெந்நீர் ஏன் ஆறிப்போய் வருகிறது, ஐஸ் ஏன் இன்னும் வரவில்லை என்று கத்தினேன். ஆறுமுகத்தாய் கீழே போய்க் கார்கானாக்காரர்களின் பிரிட்ஜிலிருந்து ஐஸ் வாங்கி வருவாள். அது போதாது என்பேன். மறுபடி இறங்குவாள். தண்ணீர்க் குடம், டீத்தூள், வலித்தைலம், என் செய்தித்தாள் எல்லாம் அவள்தான் ஏற்றினாள். ஒரு நாளைக்கு இருபது தடவைக்குக் குறையாது. அந்த நாட்களில் அவள் முகத்தை நான் பார்த்ததாக நினைவில்லை.

சந்துக்கு வெளியே இருக்கிற லேபில் எக்ஸ்ரே எடுத்தேன். மடங்கக் கூடாது என்று மெத்தைக்கு அடியில் வைத்தேன். எங்கள் அறையில் தட்டையான பொருளை வைக்க அந்த ஒரு இடம்தான் உண்டு. மறுநாள் காலை கையை விட்டு உறையை உருவிக்கொண்டு மாஹிமுக்குப் போனேன். அங்கே எலும்பு டாக்டர் சஃபீனா, காயல்பட்டினத்துப் பெண், தமிழில் பேசுவார்.

அவர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

“வலி எத்தன நாளா இருக்கு?”

“இருவத்தி மூணு நாளு, டாக்டரம்மா.”

“நாளா, வருஷமா?” என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பேனாவால் காட்டினார். “இங்க பாருங்க, ரெண்டு எலும்புக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கணும். உங்களுக்கு இல்ல. ரெண்டு முட்டியிலயும் இல்ல. எலும்பும் எலும்பும் உரசிட்டு இருக்கு. இதுக்கு மாத்திரை, தைலம் எல்லாம் தாண்டியாச்சு. மூட்டு மாத்துற ஆபரேஷன்தான். நீங்க எந்த மாடி?”

ஏணியைப் பற்றிச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இந்த முட்டிய வச்சுக்கிட்டு ஏணி ஏறுறீங்களா? ஒவ்வொரு படிக்கும் உயிர் போயிருக்குமே.”

உயிர் போகிற அளவுக்கு இல்லையே என்று ஒரு பக்கம் தோன்றியது. இன்னொரு பக்கம் ரயில், பின்கட்டு அறை, மாட்டுக்கொட்டகை எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். டாக்டர் என்னைக் கட்டிலில் படுக்கச் சொன்னார். வலது முட்டியை மடக்கினார், நீட்டினார், திருகினார். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. எழுந்து போய் உறையைத் திருப்பிப் பார்த்தார்.

“உங்க பேரு ஆறுமுகத்தாயா?”

“அப்பாடா” என்றேன்.

ஆமாம், அதுதான் என் வாயிலிருந்து வந்த முதல் சொல். நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கிய மாதிரி, சத்தமாகச் சொன்னேன். டாக்டர் சஃபீனா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க முடியாது. பிறகுதான் எனக்கே உறைத்தது. உறையில் ஆறுமுகத்தாய், பெண், நாற்பத்தொன்பது என்று எழுதியிருந்தது. தேதி இரண்டேகால் வருஷத்துக்கு முந்தியது. அதே லேப், அதே பழுப்பு உறை, அதே மெத்தை. இரண்டேகால் வருஷமாக அந்தப் படத்தின் மேலேதான் நான் படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

“உங்களுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல. தோப்புக்கரணத்த நிறுத்துங்க, ஆறு வாரத்துல சரியாயிடும்” என்றார் டாக்டர். “அவங்கள நாளைக்கே கூட்டிட்டு வாங்க.”

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றேன். அங்கே நான் முதலில் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். தம்பிக்குப் போன் போட்டேன்.

“ஏல இசக்கி, ஒங்க மதினிக்கு ரெண்டு முட்டியும் போயிட்டுல. பின்கட்டு ரூம்பு காலியாத்தான கெடக்கு?”

“காலிதாண்ணே. சுத்தம் பண்ணிப் போடுதேன், அனுப்பி வையி” என்றான்.

சத்தியமாகச் சொல்கிறேன், அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். ஏணி தெரிந்ததும் ரயில் தெரிந்தது. நடுவில் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து ஏணி ஏறினேன். என் தலை மேலே தெரிந்தபோது ஆறுமுகத்தாய் காலை நீட்டி உட்கார்ந்து முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சட்டென்று சேலையை இழுத்துவிட்டாள். நான் உறையை அவள் முன்னால் வைத்தேன். அதில் எழுதியிருந்த பெயரைப் பார்த்தாள். நான் கத்துவேன் என்று எதிர்பார்த்திருப்பாள் போல, என் வாயையே பார்த்தாள்.

“ஒங்க முட்டிக்கு டாக்டரு என்ன சொன்னாவ?”

“எனக்கு ஒண்ணுமில்ல.”

“அது போதும்” என்றாள்.

“ஏட்டி, ரெண்டு வருசமா எங்கிட்ட ஏன் சொல்லல?”

அவள் உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “ஒங்க அம்மைய ரயில் ஏத்துனப்ப நானும் டேசனுக்கு வந்தேன்லா. அத்த பிளாட்பாரத்துக் கம்பியப் புடிச்சிக்கிட்டு விடமாட்டேன்னாவ. நீங்க ஒவ்வொரு வெரலா எடுத்து விட்டீய.”

நான் அதை மறந்துபோயிருந்தேன். நிஜமாகவே மறந்துபோயிருந்தேன். அவள் சொன்ன பிறகு அந்த விரல்களின் சூடு என் கையில் வந்தது.

“ஊருக்குப் போன் போட்டுட்டியளா?” என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். கை தானாகப் போய்ச் சட்டைப் பையிலிருந்த போனைப் பொத்தியது. முப்பது வருஷம் என்னோடு குடித்தனம் பண்ணியவள், அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். காலி வாளியை எடுத்துக்கொண்டு ஏணி வாய்க்குப் போனாள்.

“எங்க போற? இரு, நான் போறேன்.”

“நீங்க அங்கனயே நில்லுங்க” என்றாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை, நின்றுவிட்டேன்.

இறங்கினாள். கீழே டிரம்மிலிருந்து தண்ணீர் மொள்ளுகிற சத்தம் கேட்டது. பிறகு ஏற ஆரம்பித்தாள். ஒரு கையில் நிறைவாளி, ஒரு கையில் கம்பி. முதல்முறையாக அவள் ஏணி ஏறுவதை மேலே நின்று பார்த்தேன். ஒவ்வொரு படியிலும் கீழுதட்டைக் கடித்தாள். ஆறாவது படியில் கண்ணை மூடிக்கொண்டாள். நான் குனிந்து கையை நீட்டினேன். அதை அவள் தொடவில்லை. வாளியை என் காலடியில் தரையில் வைத்து, பதினோராவது படியும் ஏறி, தரையில் கையூன்றி எழுந்து என் முன்னால் நேராக நின்றாள். ஒரு சொட்டுத் தண்ணீரும் சிந்தவில்லை. மூச்சு வாங்கியது, நெற்றியெல்லாம் வியர்வை.

“பாத்தியளா, ஏறிட்டேன்லா” என்றாள். “என்னைய அனுப்பிராதீய.”