ஒன்றரை மணி நேரத் தூக்கம்

குதிகால் புண் மேலிருந்து ஆறாது, அடியிலிருந்துதான் ஆறும். மேல்தோல் அவசரப்பட்டு மூடிக்கொண்டால் உள்ளே சீழ் தங்கிவிடும். அதனால் குழிக்குள் உப்புநீரில் நனைத்த துணியைத் தளர்வாக வைக்க வேண்டும். திணித்தால் ரத்தம் ஓடாது, ரத்தம் ஓடாத இடத்தில் சதை வளராது. பத்தொன்பது வருடமாக வீடு வீடாகப் போய் நான் செய்யும் நர்ஸ் வேலை இதுதான். முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆனாலும் கேட்க ஆள் கிடைத்தால் இதையெல்லாம் உட்கார்ந்து விளக்கிவிடுவேன்.

லிஃப்ட் இல்லாத நான்காவது மாடி வீட்டில் கேட்க ஒருத்தி இருந்தாள். அதுதான் வினையாகிவிட்டது.

அங்கே நோயாளி ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். பக்கவாதத்துக்குப் பிறகு படுக்கைதான், வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. காகித அளவுகோலால் நான் புண்ணை அளந்தால், "மில்லிமீட்டர்ல சொல்லும்மா, ரவுண்ட் பண்ணாத" என்பார். ஒரே மகள். இரவெல்லாம் கிடங்கில் பெட்டி அடுக்குவாள். காலையில் வந்து அம்மாவைத் துடைத்துவிட்டு ஊட்டிவிடுவாள். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பதால் பகலில் அவள் தூக்கம் துண்டு துண்டாகத்தான். வாரத்தில் மூன்று நாள் நான் போவேன். முகம் கழுவி, தலை வாரி, சிரித்துக்கொண்டே கதவைத் திறப்பாள். ஆரம்பத்தில் பக்கத்தில் நின்று கண்கொட்டாமல் பார்த்தாள். பிறகு நான் வந்ததும் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளத் தொடங்கினாள். கட்டு மாற்றி, கைகால் பயிற்சி கொடுத்து, குறிப்பு எழுதி முடிக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். அவள் ஒரு காதைத் திறந்து வைக்காமல் தூங்குவது அப்போது மட்டும்தான்.

காப்பீடு ஒத்துக்கொண்டது என் கைக்கு, அவள் தூக்கத்துக்கு அல்ல. பயிற்சி பெற்றவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை இருக்கும்வரை நர்ஸ் வரலாம். அறுபது நாளுக்கொரு முறை டாக்டர் புதுப்பிக்க வேண்டும், அதற்கான படிவத்தை நான் நிரப்பித் தர வேண்டும். அதில் ஒன்பதாவது கேள்வி: இந்தக் கட்டைப் போடத் தெரிந்தவர் வீட்டில் உண்டா? உண்டு என்றால் என் வருகை நின்றுவிடும்.

படிவம் கொடுக்க வேண்டிய வாரத்தில், செவ்வாயன்று என் பேருந்து நடுவழியில் நின்றுவிட்டது. மறுநாள்தான் போக முடிந்தது.

"நீங்க வரலியேன்னு நானே கட்டிட்டேன். சரியா இருக்கா சிஸ்டர்?"

பிரித்துப் பார்த்தேன். துணி தளர்வாக இருந்தது. ஓரத்தோல் ஈரமில்லாமல் காய்ந்திருந்தது. ஒட்டுநாடாவில் ஒரு மடிப்பில்லை. என் கட்டைவிட நல்ல கட்டு.

"சரியா இருக்கும்மா" என்றேன். அவள் சிரித்தபடி தூங்கப் போனாள்.

"பாஸ்தானே? அப்புறம் உன் மூஞ்சி ஏன் தொங்குது?" என்றார் டீச்சர். ஒன்பதாவது கேள்வியைச் சொன்னேன்.

"நல்லாப் படிச்ச புள்ளைய ஸ்கூலை விட்டு வெளிய அனுப்பறீங்க. தெரியாதுன்னு எழுதிடேன்."

"டீச்சரே காப்பியடிக்கச் சொல்லலாமா?"

"சொல்லக் கூடாதுதான். அவ தூங்கட்டுமேன்னுதான் இந்தப் புண்ணையே நான் வச்சிக்கிட்டிருக்கேன்."

வேறு ஒரு வழி இருந்தது. டாக்டர்களுக்குத் தரும் கையேட்டின் பின்பக்கங்களில், யாரும் புரட்டாத இடத்தில், பராமரிப்பவருக்கு ஓய்வு என்று ஓர் உதவி உண்டு. வாரத்துக்கு ஆறு மணி நேரம் ஓர் உதவியாளர் வந்து நோயாளியைப் பார்த்துக்கொள்வார். டாக்டர் அதைக் கேட்டு எழுத வேண்டும், வீட்டுக்குப் போகும் நர்ஸ் சாட்சி சொல்ல வேண்டும். ஆனால் சொல்லக் கேட்டது செல்லாது, கண்ணால் கண்டதுதான் செல்லும். முன்பு இரண்டு வீடுகளுக்கு எழுதி இரண்டும் திரும்பி வந்தன. வருகிறவர் முன்னால் களைப்பைக் காட்டிக்கொள்கிற வீடு எது? இங்கேயும் நான் கண்டது ஒரு சிரிப்பையும் சாத்திய கதவையும்தான்.

படிவத்தில் 'உண்டு' என்று எழுதும் முன், வெள்ளிக்கிழமை அவள் என் கண்முன் கட்டுப் போட்டுக் காட்ட வேண்டும், அது விதி. அதனால் அன்று கதவு சாத்தவில்லை. முந்தின இரவு ஆள் குறைவென்று இரண்டு பேர் வேலையை ஒருத்தியே பார்த்திருந்தாள். கட்டிலோரம் உட்கார்ந்து அம்மாவின் காலை மடியில் வைத்துக்கொண்டாள். கழுவினாள், ஒற்றினாள், துணி வைத்தாள், ஒட்டினாள். ஒரு தப்பில்லை. கடைசி ஒட்டுநாடாவை விரலால் நீவிவிட்டாள். அப்படியே தலை சுவரில் சாய்ந்தது.

"ஏம்மா" என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். அசைவில்லை.

"எழுப்பாத" என்றார் டீச்சர், உதட்டை மட்டும் அசைத்து.

"உங்க கால் மரத்துப்போயிடும்."

"போகட்டும். அது எப்பவோ போனதுதானே."

படிவத்தை எடுத்தேன். ஒன்பதாவது கேள்விக்கு 'உண்டு' என்று எழுதினேன். அதற்கு மேல் ஓய்வு உதவிக்கான தாளை வைத்து, நேரில் கண்டது என்ற இடத்தில் எழுதினேன்: பத்து நாற்பதுக்குக் கட்டை முடித்தார். பத்து நாற்பத்திரண்டுக்கு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். கையுறை கழற்றவில்லை. நோயாளியின் கால் மடியில். இருமுறை அழைத்தும் எழவில்லை. மணி பார்த்தேன். "கால் மணி நேரமா தூங்கறா."

"பதினாறு நிமிஷம். ரவுண்ட் பண்ணாத."

பதினாறு என்றே எழுதினேன். டாக்டரின் உதவியாளருக்குப் போன் செய்து, இரண்டு தாளிலும் இன்றைக்கே கையெழுத்து வேண்டும் என்றேன்.

"ஏன் சிஸ்டர் குசுகுசுன்னு பேசறீங்க?"

"இங்க ஒருத்தங்க தூங்கறாங்க."

"பேஷண்டா?"

"இல்ல. அதைத்தான் எழுதியிருக்கேன்."

மதியத்துக்குள் டாக்டர் மேசையில் வைப்பதாகச் சொன்னார். டீச்சர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுத்தா ஆறு மணி நேரம். நீ வர்றது நாலரை" என்றார். "ஒன்றரை கூடுது."

"குடுக்கணுமே டீச்சர்."

"அடுத்த வீட்டுக்கு நேரமாகலியா உனக்கு?"

"ஆகுது" என்றேன். நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.